தைத்து மூடிய பை

வருஷந்தோறும் ஊரார் சத்தியம் செய்யும் நாளில் என் அண்ணன் லீன்ஹார்ட் வலது கையை மேலங்கிப் பைக்குள்ளேயே வைத்திருப்பான். மேயர் நகரமன்ற வாசலில் நின்று, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி நடப்பேன் என்று கையை உயர்த்திய பிறகுதான் அந்தக் கை வெளியே வரும். அதன் பின் மற்ற ஆண்களோடு சேர்ந்து, நகரத்துக்குக் கீழ்ப்படிவேன் என்பான். கிணற்றடியில் பெண்களோடு நின்று இருபது வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுக்கொம்பில் சீப்பு செய்வது அவன் தொழில். வாயாடி அல்ல.

அந்த வருஷம் முரசு கொட்டி அறிவித்தார்கள். மேயர் மன்றத்துக்குள்ளேயே சத்தியம் செய்துவிட்டாராம். சதுக்கத்தில் ஊரார் மட்டும் செய்தால் போதுமாம். செய்யாதவனுக்குக் குடியுரிமை போய்விடும். அது போனால் மதிலுக்குள் பட்டறையும் இல்லை, வீடும் இல்லை.

காலையில் அண்ணி அஃப்ரா அவன் மேலங்கிப் பையைத் தைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றான் அண்ணன்.

"பை கிழிஞ்சிருந்துச்சு."

"கிழியல."

"இன்னைக்கு ஒரு நாள் கையைத் தூக்கிட்டு வாங்களேன். தேஞ்சா போயிடும்?"

"உள்ளே யாருகிட்ட சத்தியம் பண்ணினாரு அவரு? சுவத்துகிட்டயா?"

"மூணு பிள்ளைங்க இருக்கு. அதுங்களை எங்கே கொண்டு போய் வைப்பீங்க?"

அண்ணன் மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

சதுக்கத்தில் மன்ற எழுத்தர் சத்திய வாசகத்தை வாசித்து முடித்ததும் கைகள் உயர்ந்தன. அண்ணனின் கை பையைத் தேடிப் போனது. தையலில் இடித்து அப்படியே தொங்கியது. அருகில் நின்ற தொழிலாளர் சங்கத் தலைவர் வெண்டல் பல்லைக் கடித்தபடி, "தூக்குடா, கொம்பா!" என்றார்.

எழுத்தர் பார்த்துவிட்டார். "என்ன சீப்புக்காரரே, கையில சுளுக்கா?"

கூட்டம் சிரித்தது.

"எனக்கு இல்லீங்க ஐயா. மேயருக்குத்தான் சுளுக்கோன்னு நினைச்சேன். அவர் கையைக் காணோமே."

சிரிப்பு நின்றது. "அவர் உள்ளே பண்ணியாச்சு!" என்றார் எழுத்தர்.

"பாத்தவங்க தூக்கட்டும். நான் பாக்கல. நம்மகிட்ட வாக்குக் கொடுக்காதவருக்கு நாம வேலையாளுங்கதானே? அப்புறம் எதுக்கு ஊர்க்காரங்கன்னு கூப்பிடுறீங்க?"

அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. முதலில் தோல் பதனிடும் கிழவர் ஒருவர் கையை இறக்கினார். பிறகு வெண்டல். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும். நெடுநேரம் கழித்து வாசல் கதவு திறந்தது. மேயர் வெளியே வந்து, சிவந்த முகத்தோடு கையை உயர்த்தினார். அதன் பிறகு எல்லாரும் சத்தியம் செய்தார்கள், அண்ணனும்தான்.

மறுநாள், கூட்டத்தைத் தூண்டினான் என்று அண்ணனின் குடியுரிமையை மட்டும் மன்றம் பறித்தது. வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அவர்கள் ஐவரும் மதிலுக்கு வெளியே ஆற்றோரம் இருக்கிறார்கள். மேயர் ஆண்டுதோறும் சதுக்கத்தில் முதலில் சத்தியம் செய்கிறார். அன்று அண்ணன் பகல் அனுமதிச் சீட்டோடு உள்ளே வந்து, கிணற்றடியில் எங்களோடு நின்று பார்க்கிறான். அவனால் சத்தியம் செய்ய முடியாது. அண்ணி இன்னும் அந்தத் தையலைப் பிரிக்கவில்லை.