கிணற்றில் எறிந்த மண்வெட்டி

என் கூடப்பிறந்த அண்ணன் என்னை மண்வெட்டியால் வெட்டினார். அதைச் சொன்னால்தான் மாதா எனக்குச் செய்த உபகாரத்தையும் சொல்ல முடியும்.

நான் பைப் வெல்டர். செஞ்சியிலிருந்து வல்லம் போகும் வழியில் எங்கள் நிலம்; கிணறு மட்டும் அண்ணனுக்கும் எனக்கும் பொது. பதினாறு வருட அனுபவத்தைப் பார்த்து நியூசிலாந்தில் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. விசாவுக்குப் போலீஸ் நன்னடத்தைச் சான்று ஒன்றுதான் பாக்கி.

"ஊர வுட்டுப் போறவனுக்குக் கெணறு எதுக்குடா? உம் பங்க எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று அண்ணன் சவரிமுத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி மேரி பயிர் வைக்க வேண்டும், தர முடியாது என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தண்ணீர் எங்கள் முறை. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, மடை திருப்பக் குனிந்தேன். பின்னாலிருந்து வெட்டு விழுந்தது. இடது காது கிழிந்து தொங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். ஓடிவந்த மேரியை முடியைப் பிடித்து இழுத்து வயிற்றில் உதைத்தார். மறுபடி என் மேல் பாய்ந்தவர் சேற்றில் வழுக்கிக் கிணற்றுக் கல்லில் விழுந்தார். நெற்றி பிளந்தது. மண்வெட்டி என் காலடியில் கிடந்தது.

எடுத்து ஓங்கினேன். மண்டையைப் பிளக்க வேண்டும், வேறு நினைப்பே இல்லை. விசா இல்லை, பிள்ளை இல்லை, சாமி இல்லை. வாய் மட்டும் தானாகக் கத்தியது. "மாதாவே, என் கையப் புடிம்மா!"

மண்வெட்டியைக் கிணற்றில் எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் காதுக்குத் தையல் போடும்போதே அண்ணன் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டார். தம்பிதான் முதலில் வெட்டினான், ஆயுதத்தைக் கிணற்றில் போட்டு மறைத்துவிட்டான் என்று.

"இன்னா மாமா பாத்துக்கினு நிக்கிற? நாமளும் குடுப்போம். அவுங்க வூட்டுப் பொம்பள பேரயும் சேத்து எழுது" என்றான் மேரியின் தம்பி. எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். கேஸுக்கு எதிர் கேஸ். அப்படிப் பதிவானால் சான்று வராது, விசாவும் வராது. நான் எழுதவில்லை. ரத்தம் காய்ந்த கையில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். உண்மையைச் சொல்ல ஒரு ஆளை அனுப்பும், தாயே.

மறுநாள் ஸ்டேஷனில் அண்ணனையும் வைத்துக்கொண்டு அதிகாரி கேட்டார். "மம்மட்டிய எதுக்குய்யா கெணத்துல போட்ட?"

"அங்க போடலன்னா அவரு மேல போட்டிருப்பேன், சார்."

"நல்லாத்தான் பேசுற. சாட்சி யாரு?"

அப்போது யாரும் கூப்பிடாமலே அண்ணனின் மனைவி லூர்து அண்ணி உள்ளே வந்தார்.

"நான் பக்கத்து வரப்புல புல்லறுத்துக்கினு இருந்தேன், சார். வெட்டுனது என் வூட்டுக்காரரு. கொழுந்தன் ஓங்குனாரு, ஆனா அடிக்கல. மாதாவேன்னு கத்திக்கினே கெணத்துல போட்டுட்டாரு."

அண்ணன் பாய்ந்து அவர் வாயிலேயே அறைந்தார். உதடு கிழிந்தது.

"அடி. டேசன்லயே அடி. அப்பவும் அதான் நெசம்."

போலீஸார் அண்ணனை இழுத்துப் பிடித்தார்கள். நீ புகார் கொடுக்கிறாயா என்று அதிகாரி என்னைக் கேட்டார். "வேணாம், சார். அண்ணி மேல இனிமே கை வெக்கமாட்டேன்னு மட்டும் எழுதி வாங்குங்க" என்றேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். மனுவை முடித்துவிட்டார்கள்.

சான்று வந்தது. விசாவும் வந்தது. இதை நியூசிலாந்தில் என் அறையிலிருந்து எழுதுகிறேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. குடித்தால் நானும் மேரியை அடித்தவன்தான். அன்று அண்ணியின் உதட்டைப் பார்த்த பிறகு குடிக்கவும் இல்லை, கை ஓங்கவும் இல்லை.

போன ஞாயிறு மேரி போனில் சொன்னாள். கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுக்குக் குறைந்ததும் அண்ணன் இறங்கி மண்வெட்டியை எடுத்தாராம். அதைக் கொண்டே எங்கள் மல்லாட்டைக்கு மடை திருப்பிவிட்டுப் போனாராம்.

கோபத்தில் கை ஓங்கி நிற்கிற சகோதரர்களே, ஓங்கினபடியே மாதாவைக் கூப்பிடுங்கள். மனசுக்குள் அல்ல, வாய்விட்டுக் கூப்பிடுங்கள். நான் கத்தியது மோட்சத்துக்கும் கேட்டது, பக்கத்து வரப்பில் நின்ற அண்ணிக்கும் கேட்டது.