பொட்டலத்தில் வந்த மாமன் சீர்

கருகிய முட்டைக்கோசும் வினிகரும் சேர்ந்த அந்தக் காரப் புகை மூக்கில் ஏறினால் தும்மல் அடுக்கடுக்காக வரும். அதை வாசனை என்று எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. ஆனால் நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம், சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தப் புகைக்குள் போய் நிற்பதற்காகவே எங்கள் தெருவில் பாதிப் பேர் சாயங்காலமானால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்கள். புகைக்கு நடுவில் தலையில் தொப்பியோடு நின்று, இரும்புச் சட்டியின் விளிம்பில் கரண்டியால் "டங் டங்" என்று தட்டி, தீயை ஆள் உயரத்துக்கு எழுப்பிக் காட்டிக்கொண்டிருந்தவர் என் அம்மாவின் ஒரே தம்பி, சங்கரன் மாமா. எங்கள் கண்ணுக்குத் தெரிந்து ஊரில் முதல் "பாஸ்ட் புட்" வண்டி அவருடையதுதான்.

மாமா புளியங்குடிக்காரர். தாத்தா இருந்தவரை எலுமிச்சை மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவர், அவர் போனதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறி, மூன்று வருஷம் கழித்து ஒரு இரும்புச் சட்டியும் இரண்டு சாஸ் பாட்டிலும் ஒரு தொப்பியுமாகத் திரும்பி வந்தார். சட்டியில் எதைப் போட்டாலும் முடிவில் ஒரு வெள்ளைப் பொடியைக் கிள்ளித் தூவுவார். கேட்டால் "டேஸ்ட் பவுடர்" என்பார். டேஸ்ட் தனியாகப் பவுடராகவே கிடைக்கும்போது சமையல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. காலையில் வடித்துச் சாக்கில் ஆறப்போட்ட சோற்றை மாலையில் கிண்டிக் கொடுத்தால் நம் வீடுகளில் அதற்குப் பெயர் பழைய சோற்றைத் தாளிப்பது. அதையே தொப்பி போட்டுக்கொண்டு, சிவப்புச் சாயம் கலந்து செய்தால் ப்ரைடு ரைஸ். வீட்டில் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஆண்கள், மாமாவின் வண்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள். பெயர்தான் வேகச் சாப்பாடு. காத்திருந்த நேரத்துக்கு வீட்டில் ஒரு குழம்பு கொதித்து இறங்கியிருக்கும்.

அந்த ஆடியில், கோயில் தபசுத் திருவிழாவுக்கு ஊர் நிறைந்து வழிந்த வாரத்தில், நான் பெரியவளானேன். வாசலில் கூட்டமும் மேளமும் பீப்பி விற்கிறவர்களின் கத்தலும் போய்க்கொண்டிருக்க, என்னைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்து குறுக்கே ஓர் உலக்கையைப் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் பிள்ளைக்கு முதல் உளுந்தங்களி தாய்மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். மாமன் வந்து, தன் கையால் ஒரு வாய் ஊட்ட வேண்டும்; அதன் பிறகுதான் மற்ற உறவுக்காரர்கள் கொண்டுவருவதைப் பிள்ளை தொடலாம். அந்த ஒரு வாயின் அர்த்தத்தை அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள்: இந்தப் பிள்ளைக்கு அம்மா வழியில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று அப்பா வீட்டாருக்குக் காட்டுவது. மற்றபடி உளுந்தங்களி ஒன்றும் தேவாமிர்தம் அல்ல. நல்லெண்ணெயில் மிதந்துகொண்டு வந்து, தொண்டையில் நின்று வழக்குப் பேசிவிட்டுத்தான் இறங்கும்.

அம்மாவின் கவலையெல்லாம் மேலநீலிதநல்லூர் அத்தையைப் பற்றியது. அவள் அப்பாவின் அக்கா. தாத்தா போன நாளிலிருந்து அம்மாவைப் பார்த்து, "பொறந்த வீட்டுல ஆளில்லாதவ" என்பதை வெவ்வேறு விதமாகச் சொல்லிச் சொல்லியே நேரம் போக்கியவள். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் அம்மா மாமாவின் வண்டிக்கே போய் நின்று, "ஏலே சங்கரா, வெள்ளிக்கிழம மதினி வாரா. களி கிண்டத் தெரியாட்டா யாரையாவது வச்சுக் கிண்டு. மத்தியானத்துக்குள்ள நீ வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மாமா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் பாத்துக்கிடுதேன், யக்கா. நீ கவலப்படாம போ" என்றாராம். அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்துதான் அம்மாவுக்குக் கவலை அதிகமானது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே அத்தை தன் மருமகளோடும் நாலைந்து பொடிசுகளோடும் வந்து கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "என்னட்டி கோமதி, உன் தம்பி வீட்டுக் களி எங்க? பம்பாயிலேருந்து கப்பல்ல வருதோ?" என்று அவள் கேட்டது பின்கட்டில் எனக்கே கேட்டது. மதியம் தாண்டியது. மாமா வரவில்லை. அம்மா அடுக்களைக்கும் பின்வாசலுக்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ராசாத்தியக்காவின் அடுப்பிலிருந்து கருப்பட்டிப் பாகு கொதிக்கிற மணம் வந்தது. என் அம்மா, தன் தம்பி வீட்டுச் சீரைத் தானே கிண்டிக்கொண்டிருந்தாள்.

கிண்டி இறக்கித் தூக்குச்சட்டியில் அடைத்து, அதை ராசாத்தியக்காவின் தலையில் வைத்துப் பின் சந்து வழியாக அனுப்பினாள். என் அறை ஜன்னலுக்குக் கீழேதான் அந்த ரகசியம் நடந்தது. "தெருவைச் சுத்தி வாசல் வழியா வாட்டி. புளியங்குடி பஸ்ஸுல இருந்து இறங்குனவ மாதிரி கொஞ்சம் களைச்சாப்புல வா" என்று அம்மா சொல்ல, ராசாத்தியக்கா, "நின்னுக்கிட்டே வந்தேன்னு சொல்லட்டா, இடம் கிடைச்சுதுன்னு சொல்லட்டா?" என்று கேட்டாள். அத்தை வெளியூர்க்காரி, போன வருஷம்தான் குடிவந்த ராசாத்தியக்காவைப் பார்த்ததில்லை. கூடத்திலும் வாசலிலும் இருந்த தெருப் பெண்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவின் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது என்றால் அது அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

ராசாத்தியக்கா பிரமாதமாகக் களைத்து வந்தாள். "சங்கரன் அண்ணாச்சி பின்னாலயே வாராவ, கூட்டத்துல மாட்டிக்கிட்டாவ" என்று ஒரு வரி சேர்த்தும் விட்டாள். அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு விரலால் தொட்டு நக்கி, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத கடுப்போடு மூடினாள். அம்மா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தக்களை வந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. தலையில் தொப்பியோடு, இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பை தொங்க, உள்ளே நுழைந்த மாமா உரக்கச் சொன்னார்: "யக்கா, மாமன் சீர் வந்தாச்சு! இருவது பார்சல், எல்லாம் முட்டை நூடுல்ஸ்!"

அத்தை தூக்குச்சட்டியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "அப்பொ இது யாரு வீட்டுக் களி?" என்றாள். அம்மா மாமாவுக்குக் கண்ணைக் காட்டினாள். அவருக்குக் கண் ஜாடை புரிகிற வயசு எப்போதோ வந்துவிட்டது, புத்திதான் வரவில்லை. "களியா? நான் யார்ட்டயும் களி சொல்லலியே" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றபடி தலையைக் குனிந்துகொண்டாள். இருபது வருஷத்துக்குப் பேசுவதற்கு வேண்டிய சரக்கு அத்தையின் கையில் கிடைத்துவிட்டது, அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று நான் கதவிடுக்கில் கண்ணை வைத்து நின்றேன்.

அவள் வாயைத் திறந்தாள்தான், ஆனால் தின்பதற்கு. பொடிசுகள் அதற்குள் ஒரு பொட்டலத்தைப் பிய்த்துவிட்டிருந்தன. வெள்ளித்தாளுக்குள்ளிருந்து அந்தச் சிவப்புச் சிக்கல் ஆவியோடு வெளியே வந்ததும் அத்தை, "என்ன எழவுன்னு பாப்போம்" என்று இரண்டு விரலால் ஒரு இழையை எடுத்தாள். அப்புறம் ஒரு பிடி. அப்புறம் தனக்கென்று ஒரு பொட்டலம். சாயம் உதட்டிலிருந்து மோவாய்க்கு இறங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் தின்றாள். முடித்துவிட்டு விரலைச் சூப்பியபடி, "கோமதி, உன் தம்பி பெரிய ஆளுதாம்ட்டி. எங்க ஊருல எந்த மாமன் இப்படிச் சீர் கொண்டாந்தான்?" என்றாள். போகும்போது மிச்சமிருந்த பார்சல்களில் நான்கைக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. நானும் தின்றேன்; பதிமூன்று வயசில் எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் மாமா ஊட்டவில்லை. பிளாஸ்டிக் முள்கரண்டி ஒன்றைப் பொட்டலத்தின் மேல் செருகி, உலக்கைக்கு அந்தப் பக்கமிருந்தே நீட்டி, "சூட்டோட சாப்பிடு மக்கா, ஆறுனா சவச்சவன்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். தபசுக் கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது.

அவமானம் தப்பியதே என்று அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அடுக்களையில் ஆறி இறுகிப்போன களிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "மதினி நாலு வார்த்த கேட்டிருக்கலாம்ட்டி" என்றாள். "நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டிருந்தா, இவனுக்கு அடுத்த தடவையாவது உறைக்கும். இனிமே இவன் எதுக்கு வருவான்?" ராசாத்தியக்காவைக் கூப்பிட்டு ஆளுக்கொரு உருண்டை தின்றார்கள். களி நன்றாகத்தான் இருந்தது என்று ராசாத்தியக்கா சொன்னாள்.

அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அதன் பிறகு தீபாவளிக்குப் பார்சல், என் தம்பிக்குக் காது குத்தும்போது பார்சல், என் கல்யாணத்தில் பெண் அழைப்புக்கும் பார்சல். மாமாவை மட்டும் சொல்லி என்ன? தெருவே அவரிடம் பாடம் படித்தது. பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்கள் பூண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுபோன காலம் போய், "கோபி மஞ்சூரியன்" வாங்கிக்கொண்டு போய்ப் படியில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு நூடுல்ஸ் போடத் தெரியுமா என்று கேட்டுவிட்டுத்தான் பூ வைத்தார்கள். தறியில் நாளெல்லாம் நின்று கால் வீங்கிய ஆட்கள் கூலியைக் கொண்டுபோய் வண்டியில் கொடுத்துவிட்டு, ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை வாங்கினார்கள். மருந்துக் கடையும் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது, அந்த வசதி வேறு. ஊரில் ஆட்டுக்கறிப் பிரியாணியை வாயில் வைத்ததுமே இது எந்தக் காட்டு ஆடு என்று விவாதிக்கிற நாக்குகள் இருந்தன. அவற்றுக்கு இன்று சோளமாவு எது, கோழி எது என்று தெரியவில்லை.

பிறகு சவர்மா வந்தது, மந்தி என்கிற அரபுச் சோறு வந்தது, மோமோ என்று வெளிறிப்போன ஒரு கொழுக்கட்டை வந்தது. ராஜபாளையம் சாலையில் கண்ணாடிக் கதவு போட்டு, குளிர்சாதனம் வைத்து, கோழியை வாளியில் விற்கிற கடை வந்ததும் மாமாவின் வண்டிப் பக்கம் போக ஊருக்குக் கூச்சமாகிவிட்டது. அங்கே குடும்பமாகப் போய் உட்காருகிறார்கள், ஆளுக்கொரு போனைப் பார்க்கிறார்கள், கோழியைப் படம் எடுத்துவிட்டுத் தின்கிறார்கள். மாமா வயிறு புண்ணாகி, இப்போது புளியங்குடியில் தயிர்சோறு தவிர எதுவும் இறங்காமல் இருக்கிறார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்திருந்தேன், வரவில்லை.

போன மாதம் என் மகள் பெரியவளானாள். அவளுக்குத் தாய்மாமன் என் தம்பி, பெங்களூரில் இருக்கிறான். அம்மா அவனுக்குப் போன் போட்டு, "ஒரு நாளு வந்துட்டுப் போய்யா" என்றாள். "லீவு இல்லம்மா. ஆனா சீரு கரெக்டா வந்துரும், ஆன்லைன்ல போட்டுட்டேன்" என்றான். சரியாகத்தான் வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு, தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒரு ஆள் வாசலில் நின்று, வறுத்த கோழி வாளியை நீட்டி, போனில் வந்த நம்பரைக் கேட்டார். நான் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள்.

"எந்தூருய்யா நீ?" என்றாள்.

"இளையரசனேந்தல் பக்கம், ஆச்சி."

"ஒரு நிமிசம் உள்ள வாய்யா. பிள்ளைக்கு ஒரே ஒரு வாய் ஊட்டிட்டுப் போயிரு. மாமன்காரனுக்கு வர முடியல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தலைக்கவசத்தின் வாரைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் அறைக்குள்ளிருந்து என் மகள் கத்தினாள்: "ஆச்சி! சும்மா இரு! அசிங்கமா இருக்கு!" அவர் கையை இறக்கிக்கொண்டு, நான் சொன்ன நம்பரைப் போனில் தட்டி, வாளியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, "வாரேன் ஆச்சி" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா அந்த வாளியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். வாளியை அனுப்பிய தம்பிக்கு வெட்கமில்லை, நம்பரைச் சொல்லி வாங்கிய எனக்கில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த தெருவில் ஒருவருக்கும் இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அசிங்கம் என்ற சொல் அம்மாவுக்குத்தான் கிடைத்தது.