வந்துக்கிட்டே இருக்கேன்

உடையப்பன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அவர் மனைவி ராதிகாவைக் கேட்டால், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பாள். அந்தப் பொய் இதுதான்: "வந்துக்கிட்டே இருக்கேன்."

பாவம், அவரும் என்னதான் செய்வார்? தொண்ணூற்று நாலில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து துபாய்க்குப் பைப் ஃபிட்டராக வந்தவர். நாலு கம்பெனி மாறி, 2007-ல் துபாய் மெரினாவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் ஃபோர்மேன் ஆகியிருந்தார். வேலை துபாயின் அந்தக் கோடியில். வீடு ஷார்ஜாவில், ரோலா பகுதியில். இரண்டுக்கும் நடுவே இருந்ததை ரோடு என்று சொன்னார்கள். சாயங்காலத்தில் அதைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயிரக்கணக்கான கார்களை வரிசையாக நிறுத்திவைத்து, உள்ளே ஆளுக்கொருவரை உட்காரவைத்து வதைக்கிற இடம் அது. அதில் தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து உட்கார்ந்து உடையப்பனுக்கு முதுகுவலியும் முன்கோபமும் வந்தன. ஒரே மகள் நாகஜோதிக்கோ, அப்பா என்றால் காலையில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு ஈரத்துண்டு என்று ஆகிவிட்டது.

நாகஜோதிக்கு ஒன்பது வயது. இந்தியன் ஸ்கூலில் சீட் கிடைக்காமல் அந்த வருஷம்தான் அமெரிக்கன் சிலபஸ் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அங்கே அவள் பெயர் ஜோ. நவம்பரில் ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாடி, தேங்க்ஸ்கிவிங்னா ஃபேமிலி எல்லாம் ஒரே டேபிள்ல உக்காந்து டர்க்கி சாப்பிடணும். ஒருத்தருக்கொருத்தர் தேங்க்ஸ் சொல்லணும். எனக்கு ஃபேவரிட் மெமரி எதுன்னு எழுதி, ஃபோட்டோ ஒட்டணும். நமக்கு மெமரியே இல்ல."

"அது அமெரிக்காக்காரன் பண்டிகை. நீ பொங்கலைப் பத்தி எழுது."

"பொங்கலுக்கும் நீங்க டூட்டில இருந்தீங்க."

உடையப்பனுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார். "அப்புறம் வீட்டு ஆளுக்குள்ள என்ன தேங்க்ஸ் வேண்டிக்கிடக்கு? தேங்க்ஸெல்லாம் வெளியாளுக்குச் சொல்றது. உங்கம்மா தோசை போட்டா நான் தேங்க்ஸ் சொல்றேனா?"

"ஒரு தடவ சொன்னா ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க" என்றாள் ராதிகா அடுப்படியிலிருந்து. கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "மெமரி இல்லன்னா என்ன, உண்டாக்கிட்டாப் போச்சு. வியாழக்கிழமை ஏழு மணிக்கு. உங்களால வர முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடுங்க."

"வருவேன்" என்றார். மகள் உள்ளங்கையை நீட்டினாள். அதில் அடித்தும் கொடுத்தார்.

அந்த வீட்டில் டேபிளே கிடையாது. தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுத்தான் சாப்பிடுவார்கள். அடுப்புக்குக் கீழே ஓவன் என்று ஒன்று இருந்தது. அதற்குள் தோசைக்கல்லும் பழைய வாணலிகளும் குடியிருந்தன. ஆனால் எதிர் ஃபிளாட்டில் அஸ்மத் பீவி இருந்தார். கீழக்கரைக்காரர். முழு வான்கோழி என்று கேள்விப்பட்டதும் பெருநாளுக்கு எடுக்கிற பெரிய தேக்சாப் பாத்திரத்தை இறக்கிவிட்டார். வயிற்றுக்குள் முட்டையும் மசாலாவும் வைத்துத் தைப்பதென்று முடிவானது. ரோலாவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அவர் கணவர் அகமது கபீர், கடையிலிருந்து மடக்கு டேபிள் ஒன்றையும் நாற்காலிகளையும் தூக்கிவந்தார். காலேஜில் படிக்கும் அவர்கள் மகள் ஹிஃப்ஸாவிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது. எல்லாம் தயார். அப்பா மட்டும்தான் பாக்கி.

அந்த வியாழக்கிழமை உடையப்பன் காலை நாலரைக்கே கிளம்பிவிட்டார். இருபதாம் மாடியில் தீயணைப்புக் குழாய்களுக்குப் பிரஷர் டெஸ்ட். தண்ணீரை ஏற்றி, இரண்டு மணி நேரம் கேஜின் முள் அசையாமல் நிற்க வேண்டும். கன்சல்டன்ட் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன மனுஷன் மூன்றரைக்கு வந்தார். அதுவரை ஆணி அடித்த மாதிரி நின்ற முள், அவர் வந்து நின்ற பத்தாவது நிமிஷம் இறங்கத் தொடங்கியது.

"சீல் தோ லூஸ் ஹை, பாய்" என்று, சீல் லூசாக இருப்பதை ஏதோ நல்ல சேதிபோல இந்தியில் சொன்னார் கன்சல்டன்ட். "நாளைக்கு ரீ-டெஸ்ட்."

நாளை வெள்ளிக்கிழமை, வார லீவு நாள். உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்களோடு ஏணியில் ஏறி, எந்த மூட்டில் கசிகிறது என்று கண்டுபிடித்து முறுக்கி முடிப்பதற்குள் மணி ஐந்தே முக்கால். கம்பெனி பிக்கப்பில் ஏறியதும் ராதிகா போன் செய்தாள்.

"வந்துக்கிட்டே இருக்கேன்."

ஏழு மணிக்குப் பாதி வழியில், கர்ஹூத் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். முன்னால் ஒரு சிமென்ட் லாரி. பக்கத்து வரிசையில் ஒருத்தன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான். உடையப்பன் கண்ணாடியை இறக்கித் தனக்குத் தெரிந்த மூன்று பாஷைகளிலும் அவனைத் திட்டினார். அவன் திருப்பித் திட்டினான், அதுவும் தமிழில். அந்தச் சண்டையைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை, அவன் வரிசை மட்டும் நகர்ந்துவிட்டது.

ஏழரைக்கு மறுபடி போன். இந்தத் தடவை மகள். "டாடி, எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்டா கண்ணு."

"பாலம் தாண்டிட்டீங்களா?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பாலம் எல்லாம் தெரிந்திருந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்துபோய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தார். ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டதுதான் மிச்சம், கை வலித்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. டேபிளை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். மகள் தூங்கிவிட்டாள். ராதிகா ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"எட்டு மணி வரைக்கும் பாத்தோம். அவ அழ ஆரம்பிச்சிட்டா. காலி நாற்காலியோட எப்படி ஃபோட்டோ எடுக்கிறதுன்னு கபீர் அண்ணனைக் கொஞ்சம் உக்காரச் சொன்னேன்."

"நாளைக்கு எடுத்துக்கலாமே."

"நாளைக்கு லீவா உங்களுக்கு?"

அவர் கிண்ணத்தை இழுத்துக்கொண்டார். வான்கோழி நன்றாகத்தான் இருந்தது. கோபத்தில் அதைப் பாதியில் தள்ளிவைத்தார். யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ரீ-டெஸ்ட் பாஸாகிவிட்டது. அதற்காக அடுத்த வியாழன் அரைநாள் லீவு கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் பள்ளியில் பிள்ளைகள் எழுதியதையெல்லாம் சுவரில் ஒட்டிப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். மதியத்து ரோடு காலியாக இருந்தது. உடையப்பன் சட்டையை மாற்றிக்கொண்டு, பள்ளி வாசலில் நின்று ராதிகாவுக்குப் போன் செய்தார்.

"நீ கிளம்ப வேண்டாம். நான் வந்துட்டேன்."

"எங்க?"

"ஸ்கூலுக்கு! வந்துட்டேங்கிறேன்!" அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்தது அவருக்கு.

வகுப்பறைச் சுவரில் மகளுடைய தாளைத் தேடிப் பிடித்தார். ஃபோட்டோவில் வான்கோழி பளபளவென்று இருந்தது. ராதிகா பட்டுப்புடவையில். நடுவில் மகள். அந்தப் பக்கம் கபீர், சாவகாசமாகச் சிரித்துக்கொண்டு. கீழே மகளின் உருட்டு எழுத்தில் இங்கிலீஷ். கட்டட டிராயிங் படித்துப் பழகிய கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இது அம்மா. இது அப்பா. அப்பா எனக்கு வான்கோழிக் காலை எடுத்து வைத்தார். அப்பா ஜோக் சொன்னார், எனக்குப் புரை ஏறியது. அப்பா அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார்.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"ஹலோ! நீங்கள் ஜோவுக்கு...?" பக்கத்தில் டீச்சர், அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண், கையை நீட்டியபடி இங்கிலீஷில் கேட்டாள்.

டீச்சரின் தோளுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். மூன்று தோழிகள் சுற்றி நின்றார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. அப்பாவைப் பார்க்கவும் முடியாமல் பார்க்காமல் இருக்கவும் முடியாமல் கவுனின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு நாள் நேரத்துக்கு வந்திருக்கிறார் மனுஷன்! நான்தான் அப்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்தெறிய வேண்டும்போலவும் இருந்தது.

"அங்கிள்" என்றார் உடையப்பன். "நெய்பர். ஃபாதர் பிஸி."

"அவள் அப்பா ரொம்ப ஜாலியானவர் போலிருக்கிறதே" என்றாள் டீச்சர்.

"யெஸ் மேடம். வெரி குட் மேன்."

மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ரோலா முனையில் சிக்னல் விழுந்தது. மகள் ஜன்னலைப் பார்த்தபடியே, வீட்டில் இதுவரை யாரும் யாருக்கும் சொல்லாததைச் சொன்னாள்.

"தேங்க்ஸ், டாடி."

உடையப்பன் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.