கலா மிஸ் வந்து உட்கார்ந்த கடைசிப் பந்தி

கலா மிஸ் போய்விட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது... இன்னும் நம்ப முடியவில்லை.

மலேசியாவில், எங்கள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் எனக்கு டயட்டீஷியனாக இருந்தவர். என் மனைவி வசந்தி இன்று என் கிட்னியோடு நடமாடுகிறாள் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

அப்போது நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. வசந்திக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் கிட்னி மேட்ச் ஆனது. ஆனால் இந்த வெயிட்டில் எடுக்க முடியாது என்று டாக்டர் ஃபைலை மூடிவிட்டார்.

வாயைக் கட்டு என்று எல்லாரும் திட்டினார்கள். கலா மிஸ் மட்டும் ஒரு நோட்டைக் கொடுத்து, "சாப்பிடறத எழுதுங்கண்ணே, குறைக்கிறத அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எழுதினேன். நெய் சொட்டும் ரொட்டி சானாய், தே தாரேக் டீ... எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு மாதமாகியும் வெயிட் அசையவில்லை.

"நோட்டுல வெள்ளியிலேருந்து ஞாயிறு வரைக்கும் பாதி காலியா இருக்கே. விரதமா?"

"இல்ல மிஸ்... வெள்ளிக்கிழம கோயில்ல அன்னதானம் பரிமாறுறேன். மிஞ்சினத வீட்டுக்கும் கொண்டு போவேன். அது பிரசாதம் லா, அத எப்படி எழுதறது?"

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளி கோயிலுக்கே வந்து, கடைசிப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கொட்டக் கூடாது என்று அண்டா காலியாகும்வரை நான் சாப்பிடுவதைப் பார்த்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மறுவாரம் கை நிறைய டப்பாக்களோடு வந்து நின்றார்.

"மிஞ்சினத டப்பால தாப்பாவ் கட்டி பக்கத்து ஃபேக்டரி ஹாஸ்டல்ல குடுத்துடலாம்ணே, பிரசாதம் வீணாகாது. நீங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து பரிமாறுங்க."

என்ன மனுஷி! சாமியையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நடுவில் ஒரு மாதம் வெயிட் ஏறியது. நோட்டு தொலைந்துவிட்டது என்று புளுகினேன். "ஏறினதையும் எழுதுங்கண்ணே, நான் என்ன பரீட்ச பேப்பரா திருத்துறேன்?" என்று புது நோட்டை நீட்டினார்.

பதினான்கு மாதம்... இருபத்தெட்டு கிலோ குறைந்தேன். டாக்டர் ஃபைலை மறுபடி திறந்தார். ஆபரேஷன் அன்று அவருக்கு லீவு. ஆனாலும் வந்து வார்டு வாசலில் நின்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. டப்பாக்களை வசந்திதான் கட்டினாள். இருவரும் நடந்தே போய் ஹாஸ்டலில் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு கரண்டி சோறு, பருப்பு, கீரை, கொஞ்சம் பாயசம்.

எழுதிட்டேன் மிஸ்... போய்ட்டு வாங்க.