பதினோரு பேர் திறந்த லிங்க்

எங்கள் ஊரான தெங்கேராவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் போர்ட்ரெயிட் ஸ்டூடியோ நடத்தினேன். தொடக்கத்தில் படங்களைப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தோம். பிறகு சிடி வந்தது, பென்டிரைவ் வந்தது. கடைசிப் பத்து ஆண்டுகளாக எல்லாமே ஆன்லைன் கேலரிதான். படங்களை ஏற்றி, லிங்க்கை வாடிக்கையாளரின் கைபேசிக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது முடியவில்லை என்று எனக்குக் காட்டிய ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. இரண்டு கலா

காலை பத்து மணி இருக்கும். பக்கத்து ஊரான குருபோங்கிலிருந்து கலா போனில் கூப்பிட்டார். அவருடைய பெற்றோரின் ஐம்பதாம் திருமண நாளுக்குக் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டவர். அதற்கு முந்தின நாள் மாலைதான் அவருக்கு லிங்க் அனுப்பியிருந்தேன்.

"அக்கா, எங்க படத்தைக் காணோமே. லிங்க்கைத் திறந்தா தலையில முடி இல்லாம ஒரு அம்மாதான் இருக்காங்க. யாருக்கா அது?"

அந்தப் படங்கள் யாருடையவை என்று உடனே தெரிந்துவிட்டது.

பெம்பான் என்ற ஊரில் இன்னொரு கலா இருந்தார். பாலர் பள்ளி ஆசிரியை, நாற்பது வயது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி முழுவதும் கொட்டிவிட்டது. விக் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார். தன்னை உள்ளபடியே ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஸ்டூடியோவுக்கு வந்தார். விக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். யாருக்கும் காட்டுவதற்கில்லை, தனக்கு மட்டும்தான் என்றார். அவருடைய அக்கா இதே நோயில்தான் இறந்தவர். அதனால் அம்மாவிடம் "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று சொல்லி வைத்திருந்தார்.

என் கைபேசியில் இருவரையும் 'கலா' என்றே சேமித்திருந்தேன். இருவரின் கேலரிக்கும் 'கலா' என்றே பெயர் வைத்திருந்ததால் லிங்க் மாறிப் போய்விட்டது. பாஸ்வேர்ட் போடவில்லை. வயதானவர்கள் பாஸ்வேர்ட் கேட்டால் திணறுகிறார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன்.

குருபோங் கலா லிங்க்கைத் திறந்து பார்க்காமலே குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். அதில் இருபத்து மூன்று பேர்.

2. ஆறு மணிக்குள்

முதலில் லிங்க்கை மூடினேன். கேலரியின் கணக்கைப் பார்த்தால் பதினோரு பேர் திறந்திருந்தார்கள், இரண்டு பேர் டவுன்லோட் செய்திருந்தார்கள். குரூப்பிலிருந்து மெசேஜை அழித்துவிட்டு, உறவினர்களின் எண்களை எனக்கு அனுப்பும்படி குருபோங் கலாவிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் செய்தார்.

கடைப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பெரும்பாலானவர்கள் தவறான படம் என்று உடனே மூடியிருந்தார்கள். டவுன்லோட் செய்த இருவரில் ஒருவர் குருபோங் கலாவின் தம்பி. விரல் பட்டு இறங்கிவிட்டது என்றார், அழித்தார்.

மற்றவர் பெம்பானில் இருக்கும் அவர்களுடைய புஷ்பம் அத்தை. அவருக்கு முகம் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது நம்ம கோயிலுக்கு வர்ற லெட்சுமி மக இல்ல? பாவம்மா, அந்தப் புள்ள இப்படியா ஆயிருச்சு? சாயந்தரம் ஆறு மணி பூஜையில லெட்சுமியைப் பார்ப்பேன். ஒரு வார்த்தை கேக்கணும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் மகள்தான், அவர் சொல்லும்வரை பொறுத்திருங்கள் என்று கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார்.

என் கணவருக்கு போன் செய்தேன். சிஸ்டம் கோளாறு என்று சொல்லிச் சமாளித்துவிடலாமே என்றார். மூடிய லிங்க்கை யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை, பொய் எளிதாக நின்றிருக்கும். ஆனால் கோயிலில் அம்மாவின் காதில் விஷயம் விழும்போது அந்தப் பெண் எதுவும் தெரியாமல் நிற்பார். நேரில் போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்று காரை எடுத்தேன்.

பாலர் பள்ளி பன்னிரண்டு மணிக்கு விட்டது. பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டு கலா கேட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நடந்ததை வரிசையாகச் சொன்னேன். என் தவறு என்று சொன்னேன். பார்த்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன், அதைக் கொடுத்தேன். அவர் வாசித்துக்கொண்டே வந்து புஷ்பம் என்ற பெயரில் நின்றார்.

"இவங்க எங்கம்மாகிட்ட சொல்லிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஆறு மணிக்குக் கோயில்ல பார்ப்பாங்களாம்."

பள்ளிக் கேட்டைப் பூட்டினார். பூட்டு விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அழிச்சிருங்க ஆன்ட்டி. ஒண்ணு கூட இருக்கக் கூடாது." பிறகு, "உங்க கார்லயே வர்றேன்லா. எனக்கு இப்ப ஓட்ட முடியாது" என்றார்.

அவருடைய அம்மா வீடு எஸ்டேட் பக்கத்தில் இருந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். கலா உள்ளே போய் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் விக்கைக் கழற்றினார்.

லெட்சுமி அம்மாள் கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மாசமாச்சு என்று கேட்டார். ஐந்து மாதம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சு மாசம் நீ தனியாவா போன என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் கலா உடைந்து அழுதார். அழுகை ஓயும்வரை அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். வேணாம்னு சொல்லாத."

திரும்பும் வழியில் கலா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அம்மா நல்லவிதமா எடுத்துக்கிட்டாங்கங்கறதால நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது ஆன்ட்டி." ஆகாது என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அவரை இறக்கிவிட்டு அப்படியே புஷ்பம் அத்தை வீட்டுக்குப் போனேன். என் கண் முன்னால் படத்தை அழிக்க வைத்தேன். ஐந்து மணிகூட ஆகவில்லை.

3. அழித்தது

மறுநாள் கலா ஸ்டூடியோவுக்கு வந்தார். அழிப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். கேலரி, இரண்டு ஹார்ட் டிஸ்க், மெமரி கார்ட். ஒவ்வொன்றிலும் எங்கே இருக்கிறது என்று காட்டிக் காட்டி அழித்தேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். என் முப்பது ஆண்டு வேலையில் அவ்வளவு நல்ல போர்ட்ரெயிட்டுகளை நான் எடுத்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் அந்தத் தலையில் விழுந்த விதமும், அவர் லென்ஸை நேராகப் பார்த்த விதமும் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஒரு காப்பியை வேறு பெயரில் ஒதுக்கி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனம் சொன்னது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை மாட்டும்போது கை தயங்கியது உண்மை. அழித்தேன். கணினியின் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்.

அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் முறையை மாற்றினேன். பெயரோடு ஊரும் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் சேர்த்துத்தான் ஃபோல்டர். பாஸ்வேர்ட் இல்லாமல் ஒரு கேலரியும் வெளியே போகாது. பாஸ்வேர்டை மெசேஜில் அனுப்ப மாட்டேன், போனில் வாயால் சொல்வேன். முதல் படத்தில் யார் இருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் சொன்ன பிறகுதான் போனை வைப்பேன். "என்ன ஆன்ட்டி, பேங்க் மாதிரி பண்றீங்க" என்று அலுத்துக்கொண்டார்கள். சிலர் வேறு கடைக்கும் போனார்கள். நான் விடவில்லை.

ஓராண்டு கழித்து கலா மறுபடி வந்தார். தலையில் ஓர் அங்குலம் முடி வளர்ந்திருந்தது, அதுவும் சுருளாக. லெட்சுமி அம்மாளும் கூட வந்திருந்தார்.

"ஆன்ட்டி, அந்தப் பழைய படம் ஒண்ணாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"நெஜமாவே?"

"நெஜமாவே."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அம்மாவுக்கு ஒண்ணு வேணுமாம். நானும் ஒண்ணாவது இருக்கக் கூடாதான்னுதான் நெனச்சேன்." சற்று நிறுத்தி, "இருக்குன்னு சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன்" என்றார்.

இருவரையும் சேர்த்து எடுத்தேன். அம்மாவின் கை மகளின் தலைமேல் இருந்தது. அது அந்தப் பழைய படங்களுக்கு ஈடாகுமா என்று என்னால் சொல்ல முடியாது.

படம் எடுக்க யாரும் கற்றுக்கொள்ளலாம். எடுத்த படத்தை அதற்குரியவர் கையில் மட்டும் சேர்ப்பதும், வேண்டாம் என்று அவர் சொன்னால் இல்லாமல் ஆக்குவதும் அதே அளவுக்குத் தொழில். இதைக் கற்க எனக்கு இன்னொருவருடைய ஐந்து மாத ரகசியம் செலவானது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.