ஒன்ஸ் மோர் கேட்காத ஞாயிறு

மலாயாவில், குளுவாங் டவுனுக்குப் பேசும்படம் வந்த பிறகு, எங்கள் ரெங்கம் ரப்பர் தோட்டத்தில் நாடகப் பாட்டுக்கு எங்களைப் போன்ற நரைத்த தலைகள்தான் மிச்சம். ஞாயிறு மதியம் பழைய ராஜபார்ட் நடிகர் ஒருவர் எங்களுக்காகப் பாடி ஆடுவார். 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினால் போதும், மறுபடி முதலிலிருந்து ஆடுவார்.

அந்த வாரம் அவருக்கு நெஞ்சுவலி வந்திருந்தது. "எவனாவது ஒன்ஸ் மோர் கேட்டீங்க, பல்லைப் பேத்துருவேன்" என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தேன்.

அன்று பாட்டின் உச்சத்தில் அவர் குரல் உடைந்தது. கால் தடுமாறியது. ஆர்மோனியக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார். ராஜபார்ட் எப்படியோ பாடி முடித்துவிட்டார். நாங்கள் வாயே திறக்கவில்லை.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏன்யா, நான் செத்துட்டேனா?"

முதலில் கத்தியது நான்தான்.