முப்பத்தேழு கோடுகள்

ரம்பம் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் அவள் திரும்பமாட்டாள். பதினாறு வருஷமாக அந்த மரப் பட்டறையில் எல்லோரும் பார்ப்பதுதான். கையிலிருக்கும் சட்டத்தை அறுத்து முடிப்பாள், சுவிட்சை அணைப்பாள், பிளேடு அசையாமல் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம்தான் "ம்?" என்று முகம் திரும்பும். அதற்குள் கூப்பிட்டவருக்கு எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

பாலிஷ்காரர் அவளுக்கு மகாராணி என்று பேர் வைத்திருந்தார். "தரிசனம் வேணும்னா காத்துக் கெடக்கணும்பா" என்பார். அவள் சிரிப்பதோடு சரி. பட்டென்று பதில் சொல்ல வாய் வராது.

ஒரு மருத்துவமனைக்கு அறுபது கதவு செய்யும் வேலை வந்தது. இரண்டே வாரம்தான் கெடு. மூன்றாம் நாளே வேலை பின்தங்கியது. முதலாளி வந்து பிளேடின் மேலிருந்த மூடியைத் தட்டினார்.

"இதைக் கழட்டிடும்மா. மூடி, தள்ளுறதுக்கு ஒரு கட்டைன்னு நீ மரத்தைக் கொஞ்சிக்கிட்டிருந்தா எப்ப முடியும்? முடியலேன்னா சொல்லு, என் மச்சானை இங்க நிறுத்துறேன். வெறுங்கையாலயே தள்ளுவான்."

மச்சானுக்கு இரண்டு கையிலும் சேர்த்து ஒன்பது விரல். அவள் மூடியின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேண்ணே."

வேலையை விடவும் முடியாது. மூடி இல்லாமல் நிற்கவும் மனசு வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரம் எங்கேதான் போகிறது என்று அன்றைய பொழுதை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையில் சாக்பீஸ் ஒன்றை எடுத்துத் தூணருகில் வைத்துக்கொண்டாள்.

"டேப் எங்கக்கா?" தூணில் ஒரு கோடு. "டீ ஆறுது." ஒரு கோடு. "உங்க வீட்டுக்காரர் போன்ல." அதற்கும் ஒன்று.

சாயங்காலம் முதலாளி தூணைப் பார்த்தார். "என்னம்மா இது, ஜெயில்ல நாள் எண்ணுற மாதிரி?"

"இன்னிக்கு என்னைக் கூப்பிட்டதுண்ணே. முப்பத்தேழு தடவை. நிறுத்தி மறுபடி ஓட்ட ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நிமிஷம். மூடியால நேரம் போகல."

அவள் அத்தனை பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. முதலாளி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வந்தது.

"சரி, இதுல சிலது மட்டும் ஏன் நீளமா இருக்கு?"

"அது நீங்க கூப்பிட்டதுண்ணே."

பாலிஷ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நீளக் கோடுகளை எண்ணத் தொடங்கிய முதலாளி பதினாலில் நிறுத்திக்கொண்டார்.

காலையில் தூணில் ஒரு சிலேட்டு தொங்கியது. வேண்டியதை எழுதிவிட்டுப் போக வேண்டும். அடுத்த கட்டு மரம் எடுக்க ரம்பத்தை நிறுத்தும்போது அவள் பார்த்துக்கொள்வாள். முதல் வரி பாலிஷ்காரருடையது: "மகாராணிக்கு வணக்கம். டேப் எங்கே?"

கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே அறுபது கதவும் வண்டி ஏறின.

இப்போதும் அந்த ரம்பத்தில் அவள்தான் நிற்கிறாள். மூடி அதன் இடத்தில் இருக்கிறது. மச்சான் ஆணி அடிக்கும் பக்கம் வேலை செய்கிறார். இன்று சிலேட்டில் நான்கு வரி இருந்தது. மூன்று முதலாளியின் கையெழுத்து.